மணிமுத்தாற்றில் போட்ட பொன்

பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு எண் என்னை நிறுத்தி வைத்தது. பியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 72 சதவீதம் பேர் நாட்டின் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே வசிப்பவர்கள். மும்பை, சென்னை, பெங்களூரு என்று பெரிய ஊர்களை எல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது விருத்தாசலம் போன்ற ஊர்கள்தான். பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டையும் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறவர்கள், முந்திரித் தோப்புக்காரர்கள், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மணிலா மூட்டை கொண்டுவருகிறவர்கள், ஜங்ஷன் ரோட்டில் கடை வைத்திருப்பவர்கள், கல்லூரி முடித்து வேலை தேடும் பிள்ளைகள். அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: அந்த வணிகர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று பதிந்தவர்கள். ஆக, மும்பை தலால் தெருவில் நடக்கும் ஏதோ ஒன்றாக இதைப் பார்க்க முடியாது. நம் வீட்டுப் பணம் இது.

இப்படிப்பட்ட ஊர்களில் சந்தையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்த ஸ்ட்ராடஜி வேலை செய்யுது?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் விற்க ஒரு வகுப்போ, சேர்க்க ஒரு டெலிகிராம் குழுவோ வைத்திருப்பவர்களாக இருப்பதுதான் சிக்கல். எனவே ஒரு நாளிலிருந்து சில மாதம் வரை பங்கை வைத்திருந்து விற்கும் குறுகிய கால முறைகள் என்னென்ன, அவற்றைப் பற்றி நம் நாட்டிலும் வெளியிலும் எண்கள் என்ன சொல்கின்றன, வேலையும் குடும்பமும் உள்ள ஒரு தனிமனிதருக்கு அவற்றில் எது பொருந்தும் என்பதை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

சந்தை இந்த ஊர்களுக்கு வந்த கதை நீளமானதல்ல. சென்னைப் பங்குச்சந்தை இயங்கிய காலத்தில் பங்கு வாங்க ஒரு புரோக்கர், ஒரு தொலைபேசி, தபாலில் வரும் பங்குச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். அவசரமாக விற்க நினைத்தாலும் அன்றைக்கு முடியாது. 1994இல் தேசியப் பங்குச்சந்தை கணினி வழி வணிகத்தைத் தொடங்கியது. 2000 ஜூனில் குறியீட்டு பியூச்சர்ஸும் 2001இல் ஆப்ஷனும் வந்தன. சென்னைப் பங்குச்சந்தை 2015இல் மூடப்பட்டது. 2016இல் பேங்க் நிஃப்டி குறியீட்டுக்கும் 2019இல் நிஃப்டி குறியீட்டுக்கும் வார எக்ஸ்பைரி, அதாவது வாரந்தோறும் காலாவதியாகும் ஆப்ஷன், அறிமுகமானது. அதற்கடுத்த ஆண்டு ஊரடங்கு; எல்லோர் கையிலும் போன், எல்லோருக்கும் நேரம். 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டின. புதிதாக வந்தவர்களில் பலருக்குச் சந்தை என்றாலே வாரக் கெடு, வாரக் கணக்கு என்றுதான் அறிமுகம். நீண்ட காலம் என்ற சொல்லையே அவர்கள் பிறகுதான் கேள்விப்பட்டார்கள்.

முறைகளுக்குள் போவதற்கு முன் செலவைப் பேசிவிட வேண்டும். ஒவ்வொரு குறுகிய கால முறையும் கடைசியில் தட்டி விழும் படி அதுதான், வகுப்பு எடுப்பவர்கள் வேகமாகக் கடந்துபோகும் பாடமும் அதுதான்.

50,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி அன்றே விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கரேஜ் ஒரு பக்கத்துக்கு 0.03 சதவீதம் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 30 ரூபாய். விற்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி 0.025 சதவீதம், 12 ரூபாய் 50 காசு. சந்தைக் கட்டணம் 3 ரூபாய் அளவில், முத்திரைத் தீர்வை ஒன்றரை ரூபாய், புரோக்கரேஜுக்கும் சந்தைக் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. எல்லாம் கூட்டினால் 53 ரூபாய். பெரிய தொகையாகத் தெரியாது, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆனால் சந்தை நடக்கும் சுமார் 240 நாளும், நாளுக்கு ஒரே ஒரு முறை மட்டும் இப்படிச் செய்தால் ஆண்டுக்கு 12,700 ரூபாய். 50,000 முதலுக்கு அது 25 சதவீதம். அதாவது முதல் ரூபாய் லாபத்தைப் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் ஆண்டுக்கு 25 சதவீதம் சம்பாதித்திருக்க வேண்டும். நாளுக்கு நான்கு முறை வாங்கி விற்பவரின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதே 50,000க்குப் பங்கை டெலிவரியாக எடுத்துச் சில வாரம் வைத்து விற்றால் ஒரு சுற்றுக்குச் செலவு அதிகம். பரிவர்த்தனை வரி மட்டுமே வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் வீதம் 100 ரூபாய். எல்லாம் சேர்ந்து 125 ரூபாய் பக்கம் வரும். ஆனால் இப்படி ஆண்டுக்கு 20 சுற்று போனால் 2,500 ரூபாய், முதலில் 5 சதவீதம். சுற்றுக்கு மலிவானது ஆண்டுக்கு விலை உயர்ந்ததாக முடிகிறது. எத்தனை முறை என்பதுதான் எந்த முறை என்பதைவிடப் பெரிய கேள்வி. அமெரிக்காவில் பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடியனும் 66,465 குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான கணக்குகளைப் பிரித்துப் பார்த்து 2000இல் எழுதிய கட்டுரை இதையே சொன்னது. அந்த ஆண்டுகளில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் கொடுத்தது. மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4. அவர்கள் தேர்ந்தெடுத்த பங்குகள் மட்டமானவை அல்ல. கை சும்மா இருக்காததற்குக் கொடுத்த விலை அது.

இன்ட்ராடே வணிகத்துக்கு வருகிறேன். காலை 9.15க்குச் சந்தை திறந்ததும் முதல் 15 நிமிடத்தின் உச்சத்தையும் தாழ்வையும் குறித்துக்கொண்டு, விலை அதை உடைத்துப் போகும் திசையில் ஏறிக்கொள்வது ஒரு வழி. நாளின் சராசரி விலைக் கோட்டுக்கு மேலே போனால் வாங்குவது, கீழே வந்தால் விற்பது இன்னொன்று. முந்தைய நாளின் சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் கோடுகளை வைத்து ஆடுவது மற்றொன்று. எல்லாவற்றிலும் பொதுவானது, மூன்றரை மணிக்குள் கணக்கை மூடிவிட வேண்டும் என்பது. இரவில் வரும் கெட்ட செய்தி தொடாது என்பதே இதன் பெரிய நன்மையாகச் சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆனால் நல்ல செய்தியும் தொடாது.

2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் ரொக்கப் பங்குச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் நஷ்டப்பட்டார்கள். 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் அது 76 சதவீதம். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வணிகம் செய்தவர்களில் 80 சதவீதம். நான் மேலே போட்ட செலவுக் கணக்கு வெறும் கற்பனை அல்ல என்பதற்கு இன்னொரு எண்: நஷ்டப்பட்டவர்கள் தங்கள் வணிக நஷ்டத்துக்கு மேல், அந்த நஷ்டத்தில் 57 சதவீத அளவு தொகையைச் செலவாகவும் கட்டியிருந்தார்கள். விழுந்தவருக்கு விழுந்த இடத்திலேயே இன்னொரு அடி.

"பழகப் பழக வந்துவிடும்" என்று ஒரு வாதம் உண்டு. சைக்கிள் ஓட்டுவதைப் போல, மட்பாண்டச் சக்கரத்தில் கை படிவதைப் போல. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் பிரேசில் நாட்டுப் பொருளியலாளர்கள். 2013க்கும் 2015க்கும் இடையே குறியீட்டு பியூச்சர்ஸில் நாள் வணிகம் தொடங்கியவர்களை அவர்கள் தொடர்ந்தார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டத்தில் இருந்தார்கள். அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைவிட அதிகம் ஈட்டியவர்கள் 1.1 சதவீதம். நாள் ஆக ஆகத் தேர்ச்சி கூடியதற்கான தடயமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தைவானில் நடந்த நீண்ட ஆய்வு, செலவு போகத் தொடர்ந்து லாபம் காணும் நாள் வணிகர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்றது. சக்கரத்தில் களிமண் ஒரே களிமண்தான். நேற்றுக் கற்றது இன்றைக்கும் உதவும். சந்தையில் எதிரே இருப்பவர் மாறிக்கொண்டே இருக்கிறார், அவரும் கற்கிறார்.

எதிரே இருப்பவர் யார் என்பதை இன்ட்ராடே செய்பவர் மறந்துவிடுகிறார். நம் போனில் ஆர்டர் போய்ச் சேரும் நேரத்தில் சந்தைக் கட்டடத்துக்குள்ளேயே கணினியை வைத்திருக்கும் நிறுவனம் பல ஆர்டர்களை முடித்திருக்கும். நமக்கோ வேறு வேலை இருக்கிறது. சூளையில் வெப்பம் ஏறும் நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது; பார்த்தால் சூளை கெடும். வேலையும் திரையும் ஒரே நேரத்தைக் கேட்கின்றன. ஆகவே இன்ட்ராடே, முழு நேரம் கொடுக்க முடியாதவருக்கு ஏற்றதல்ல. முழு நேரம் கொடுக்கக்கூடியவருக்கும் கூலி உறுதியில்லை. ஒரு நல்ல மாற்றத்தைச் சொல்ல வேண்டும்: முன்பு புரோக்கர்கள் போட்ட முதலுக்கு 20 மடங்கு, அதற்கு மேலும்கூட இன்ட்ராடேக்குக் கடன் பலம் கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் தொடங்கி 2021 செப்டம்பரில் முழுமையான மார்ஜின் விதிகள் அதைப் பங்குகளில் அதிகபட்சம் 5 மடங்காகக் குறைத்துவிட்டன. பல குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கும். ஆனால் அந்த ஆசை ஆப்ஷன் பக்கம் போனது.

ஆப்ஷனில் சில நூறு ரூபாயோ சில ஆயிரமோ போட்டுப் பல லட்சம் மதிப்புள்ள குறியீட்டின் அசைவில் பங்கு கேட்கலாம். எக்ஸ்பைரி நாளில் 5 ரூபாய்க்கு வாங்கிய கால் ஆப்ஷன் (குறியீடு ஏறினால் பலன் தருவது) 50 ஆவதைப் பார்த்தவர் அதை மறக்க மாட்டார். அதே 5 ரூபாய் பூஜ்யமான இருபது நாட்களை மறந்துவிடுவார். முறைகள் இங்கேயும் பல. எக்ஸ்பைரி அன்று மதியத்துக்கு மேல் திடீரென்று வரும் அசைவுக்காகத் தொலைவிலுள்ள ஆப்ஷனை மலிவாக வாங்குவது. காலும், குறியீடு இறங்கினால் பலன் தரும் புட்டும் சேர்த்து விற்று, நேரம் கரைவதில் வரும் பிரீமியத்தை எடுப்பது. ஒன்றை விற்று, காப்புக்காக இன்னொன்றை வாங்கி வைப்பது.

வாங்குபவர் அடிக்கடி சிறிதாகத் தோற்கிறார். விற்பவர் அடிக்கடி சிறிதாக வென்று, எப்போதாவது ஒரு நாள் மொத்தமாகத் தோற்கிறார். பத்தில் ஒன்பது வாரம் லாபம் என்று சொல்லி வகுப்பு நடத்துவது பெரும்பாலும் விற்கும் முறையைக் காட்டித்தான். ஒன்பது வாரம் தலா 1,000 ரூபாய் வந்து, பத்தாவது வாரம் 15,000 போனால் வெற்றி விகிதம் 90 சதவீதம். கையில் 6,000 நஷ்டம். 2024 ஜூன் 3ஆம் தேதி, வாக்குக் கணிப்பைப் பார்த்து நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் தேர்தல் முடிவு வர வர 5.9 சதவீதம் விழுந்தது. அப்படி ஒரு நாளில் புட் விற்றுவிட்டுக் காப்பு இல்லாமல் இருந்தவருக்கு அதுவரை சேர்த்த பிரீமியம் எல்லாம் எந்த மூலைக்கு?

செபியின் கணக்கு இங்கே இரக்கமற்றது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், சராசரியாக ஆளுக்கு 2 லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடி. செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் கண்டவர்கள் நூற்றில் ஒருவர். தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஆட்டத்தை விடவில்லை. 2024-25க்கு வந்த அடுத்த ஆய்வில் நஷ்டப்பட்டோர் 91 சதவீதம். தனிநபர்களின் நிகர நஷ்டம் முந்தைய ஆண்டின் 74,812 கோடியிலிருந்து 1,05,603 கோடியாக ஏறியிருந்தது.

இந்தப் பணம் எங்கே போகிறது? பங்கு வாங்கினால் நிறுவனம் வளர்கிறது, ஈவுத்தொகை வருகிறது, எல்லோரும் சேர்ந்து லாபம் காண இடமுண்டு. ஆப்ஷனில் அப்படி இல்லை. ஒருவர் இழப்பதைத்தான் இன்னொருவர் எடுக்க முடியும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வெளியே உவமை தேட வேண்டாம். திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், இறைவன் தந்த 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவது என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. இன்றைக்கு மணிமுத்தாற்றங்கரையில் போடப்படும் பொன் எந்தக் குளத்தில் எழுகிறது என்பதற்கு 2023-24இன் கணக்கு இருக்கிறது. செலவுக்கு முன்பாகத் தனிநபர்கள் உள்ளிட்டோர் இழந்தது சுமார் 61,000 கோடி. சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் புரோக்கிங் நிறுவனங்கள் எடுத்தது 33,000 கோடி, வெளிநாட்டு நிறுவனங்கள் எடுத்தது 28,000 கோடி. கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் லாபத்தில் 97 சதவீதமும் புரோக்கிங் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் கணினி தானாகச் செய்த வணிகத்தில் வந்தது. சுந்தரர் போட்டார், சுந்தரரே எடுத்தார். இங்கே போட்டவர் ஒருவர், எடுப்பவர் வேறு.

2025 ஜூலை 3ஆம் தேதி ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வணிக நிறுவனத்தின் மீது செபி இடைக்கால உத்தரவு பிறப்பித்து 4,843 கோடி ரூபாயை முடக்கச் சொன்னது. காலையில் வங்கிப் பங்குகளைப் பெருமளவில் வாங்கிக் குறியீட்டை உயர்த்தி, அதே நேரத்தில் ஆப்ஷனில் எதிர்த்திசையில் பல மடங்கு பெரிய நிலை எடுத்து, பிற்பகலில் பங்குகளை விற்றுக் குறியீட்டை இறக்கியது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பு எப்படி வந்தாலும், அந்த உத்தரவைப் படித்த சிறு வணிகர் ஒருவருக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். காலையில் பேங்க் நிஃப்டி ஏறுவதைப் பார்த்து "பிரேக்அவுட்" என்று அவர் கால் ஆப்ஷன் வாங்கிய நேரத்தில், அந்த ஏற்றத்துக்கு வரைபடத்துக்குள் தெரியாத ஒரு காரணம் இருந்திருக்கலாம்.

விதிகள் இறுகியிருக்கின்றன. 2024 நவம்பர் 20 முதல் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சமானது. நிஃப்டியில் ஒரு ஒப்பந்தத்தின் அளவு (லாட்) 25இலிருந்து 75க்குப் போனது. ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டில் மட்டுமே வார எக்ஸ்பைரி. 2025 செப்டம்பர் முதல் நிஃப்டிக்குச் செவ்வாய், சென்செக்ஸுக்கு வியாழன். ஆப்ஷன் விற்பனை மீதான பரிவர்த்தனை வரியும் 2024 அக்டோபரில் 0.1 சதவீதமாக உயர்ந்தது. இவை தேவையான தடுப்புகள்தான். என் கருத்தைக் கேட்டால், ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்கும் ஒருவருக்கு வார ஆப்ஷனில் பொருத்தமான முறை என்று எதுவும் இல்லை. பத்தில் ஒன்பது சூளை உடையும் என்று தெரிந்தால் நாம் மண்ணை மாற்றுவோம், மறுபடி அதே மண்ணை வைத்து ஏற்ற மாட்டோம்.

வரைபடத்தை நம்பும் முறைகளை மொத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. 20 நாள் சராசரி 50 நாள் சராசரியை மேலே வெட்டினால் வாங்கு, ஆர்எஸ்ஐ 30க்குக் கீழே போனால் வாங்கு போன்ற விதிகளைப் பற்றி உலகில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. புரோக், லக்கோனிஷோக், லெபாரன் மூவரும் 1992இல் டௌ ஜோன்ஸ் குறியீட்டின் நீண்ட வரலாற்றில் இப்படிப்பட்ட எளிய விதிகள் பலன் தந்ததாகக் காட்டினார்கள். 1999இல் வேறு மூவர் அதே விதிகளை அடுத்து வந்த ஆண்டுகளில் சோதித்தபோது பலன் காணாமல் போயிருந்தது. ஆயிரம் விதிகளைப் பழைய விலைகளில் ஓட்டினால் சில தற்செயலாகவே ஜொலிக்கும். அந்தச் சிலவற்றைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். 2025 ஜனவரியில் செபி, பாடம் மட்டும் நடத்துவதாகச் சொல்பவர்கள் கடந்த மூன்று மாத விலையைக் காட்டக்கூடாது என்று சொன்னது. நேரலை விலையில் பாடம் என்பது டிப்ஸின் இன்னொரு பெயர் என்பதை அது புரிந்துகொண்டது.

டிப்ஸைப் பற்றி நீட்ட மாட்டேன். யாரும் கேள்விப்படாத சிறிய பங்கு ஒன்று தினமும் 5 சதவீத உச்ச வரம்பில் நின்று, குழுவில் பெயர் வந்த பிறகு தினமும் 5 சதவீதத் தாழ்வரம்பில் பூட்டிக்கொண்டால், அதில் விற்க ஆள் இருப்பார்கள், வாங்க இருக்க மாட்டார்கள். இன்று வாங்கி நாளை விற்கும் முறையும் இத்தகைய பங்குகளில் பெரும் ஆபத்து.

இனி, எனக்கு மெய்யாகவே மதிப்பு உண்டு என்று தோன்றும் பகுதி. சில வாரம் முதல் சில மாதம் வரை வைத்திருக்கும் ஸ்விங் முறைகளில் இரண்டுக்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. ஒன்று மொமன்டம். நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993இல் காட்டியது இது: கடந்த 3 முதல் 12 மாதத்தில் மற்றவற்றைவிட நன்றாக ஏறிய பங்குகள் அடுத்த 3 முதல் 12 மாதத்திலும் சராசரியாக மற்றவற்றை மிஞ்சின. அமெரிக்காவில் தொடங்கிய இந்தக் கண்டுபிடிப்பு பல நாட்டுச் சந்தைகளில் சோதிக்கப்பட்டு நின்றது. ஆனால் கவனிக்க வேண்டியது கால அளவு. ஒரு வாரம், ஒரு மாதம் என்று சுருக்கினால் எதிர்த்திசையே தெரிகிறது. போன மாதம் குதித்தவை அடுத்த மாதம் சறுக்குகின்றன. நேற்று 10 சதவீதம் ஏறியது என்று இன்று ஓடிப்போய் வாங்குவது மொமன்டம் அல்ல.

தேசியப் பங்குச்சந்தையின் நிஃப்டி 200 மொமன்டம் 30 குறியீடு 2020இல் அறிமுகமானது. 6 மாத, 12 மாத விலை ஏற்றத்தை ஏற்ற இறக்க அளவால் வகுத்து 30 பங்குகளைத் தேர்ந்து, ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் மாற்றி அமைக்கிறது. ஆண்டுக்கு இரண்டே முறை! இதைப் பின்பற்றும் நிதிகளும் உண்டு. வேலையை விடாமல், திரையைப் பார்க்காமல் ஒரு விதியைப் பின்பற்ற முடியும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இதற்கும் நோய் உண்டு. 2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து சந்தை இறங்கியபோது இது நிஃப்டியைவிட அதிகமாக விழுந்தது. 2009இல் அமெரிக்கச் சந்தை அடிமட்டத்திலிருந்து எழும்பியபோது மொமன்டம் முறை பயங்கரமாக அடிவாங்கியது. தாங்க முடியாதவர்கள் விதியை நடுவில் கைவிடுவார்கள். அப்போது நஷ்டம் மட்டும் அவர்களுக்கு, மீட்பு வேறு யாருக்கோ.

இரண்டாவது, காலாண்டு முடிவுகளைத் தொடர்வது. ஒரு நிறுவனம் எதிர்பார்த்ததைவிட நல்ல முடிவு சொன்னால் விலை அன்றே முழுவதும் ஏறி நின்றுவிடுவதில்லை, அடுத்த சில வாரங்களுக்கும் மெல்ல நகர்கிறது என்று 1968இல் பால், பிரவுன் இருவரின் ஆய்விலிருந்தே கவனிக்கப்பட்டு வருகிறது. பட்டியலிட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிவை 45 நாளுக்குள்ளும் ஆண்டு முடிவை 60 நாளுக்குள்ளும் வெளியிட வேண்டும் என்பதால், எப்போது பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். முடிவு வரும் முன் ஊகித்து வாங்குவது சூது. வந்த பிறகு படித்து வாங்குவது வேலை. நம் ஊர்க்காரருக்கு இதில் ஒரு கூடுதல் பலம்கூட இருக்கலாம். மின்காப்புப் பீங்கானுக்கு ஆர்டர் எப்படி வருகிறது, முந்திரிப் பருப்பு விலை எந்தப் பக்கம் போகிறது, எரிவாயுச் செலவு எவ்வளவு ஏறியது என்பது அவருக்குக் கையோடு தெரியும். தான் அறிந்த தொழிலின் நிறுவனங்களில் பத்தை மட்டும் தொடர்ந்து படிப்பவர், ஐந்நூறு வரைபடங்களைப் புரட்டுபவரைவிட நல்ல இடத்தில் நிற்கிறார்.

எந்த முறையானாலும் எவ்வளவு போடுவது என்பதுதான் உயிர். ஒரு லட்சம் முதல் உள்ளவர் ஒரு வணிகத்தில் 1 சதவீதம், அதாவது 1,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. 400 ரூபாய்ப் பங்குக்கு ஸ்டாப்லாஸ், அதாவது நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலை, 380 என்றால் ஒரு பங்குக்கு 20 ரூபாய் ஆபத்து. 50 பங்கு வாங்கலாம், 20,000 ரூபாய் போதும். ஒரு நல்ல ஸ்விங் முறை பத்தில் நான்கு முறை மட்டுமே வெல்லலாம். வெல்லும்போது இரண்டு பங்கும் தோற்கும்போது ஒரு பங்கும் என்றால் அதிலும் லாபம் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட முறையில் எந்த ஐந்து வணிகத்தை எடுத்தாலும் ஐந்தும் தோற்க நூற்றுக்கு 8 வாய்ப்பு உண்டு. நூறு வணிகம் செய்பவர் அதை எப்படியும் சந்திப்பார். ஒவ்வொன்றிலும் முதலில் 10 சதவீதத்தைப் பணயம் வைத்தவருக்கு அந்த ஐந்திலேயே 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும்; மீட்க 70 சதவீதம் ஏற வேண்டும். 1 சதவீதம் வைத்தவருக்கு 5 சதவீதம்தான் போயிருக்கும்.

ஸ்டாப்லாஸ் ஒரு கதவு, சுவர் அல்ல. 2025 மார்ச் 10ஆம் தேதி இண்டஸ்இண்ட் வங்கி தன் டெரிவேட்டிவ் கணக்கில் உள்ள பிழையை அறிவித்தது. மறுநாள் பங்கு 27 சதவீதம் விழுந்தது. 5 சதவீதத்தில் ஸ்டாப்லாஸ் வைத்திருந்தவருக்கு அந்த விலையே சந்தையில் வரவில்லை; திறந்ததே அதற்குக் கீழே. அதனால்தான் ஒரு பங்கில் போடும் மொத்தத் தொகைக்கும் தனியாக ஒரு வரம்பு வேண்டும். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ எடுத்த பணம் இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது. வட்டி நாள்தோறும் ஓடுகிறது, பொறுத்திருக்க விடாது.

மனசும் இதில் ஒரு கட்சி. லாபத்தில் உள்ள பங்கைச் சீக்கிரம் விற்று, நஷ்டத்தில் உள்ளதை "திரும்பும்" என்று வைத்திருக்கும் பழக்கத்தை ஷெஃப்ரினும் ஸ்டேட்மனும் 1985இல் பெயரிட்டு விளக்கினார்கள். நம் பக்கத்தில் இது "ஆவரேஜ் பண்றேன்" என்ற பெயரில் வாழ்கிறது. விழும் பங்கில் இன்னும் இன்னும் போட்டு விலையைக் குறைத்துக்கொள்வது. சில வார ஸ்விங்குக்காக வாங்கியது ஐந்து வருட முதலீடாக மாறுவது இப்படித்தான். விளிம்பில் விரிசல் விட்ட ஜாடிக்கு இரண்டாவது முறை கிளேஸ் பூசினால் விரிசல் மறையும், ஜாடி ஒழுகும்.

வரியைச் சுருக்கமாக. டெலிவரியாக வாங்கி ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம், அதற்கு முன் 15. இன்ட்ராடே லாபம் ஊக வணிக வருமானமாகவும் பியூச்சர்ஸ், ஆப்ஷன் லாபம் வணிக வருமானமாகவும் உங்கள் வருமான வரம்புப்படி வரியாகும். நஷ்டமானாலும் உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அதை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். இன்ட்ராடே நஷ்டத்தை 4 ஆண்டு வரை, அதுவும் இன்ட்ராடே போன்ற ஊக லாபத்தோடு மட்டுமே கழிக்க முடியும். பலர் நஷ்டத்தைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தாக்கல் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள், அதில் இன்னொரு இழப்பு.

எல்லாவற்றையும் பார்த்த பின்னும் குறுகிய கால வணிகம் செய்துதான் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை இருந்தால் நான் தடுக்க மாட்டேன். ஆறு மாதச் செலவுக்கான பணமும் மருத்துவக் காப்பீடும் வைத்துக்கொண்டு, சேமிப்பில் பத்தில் ஒரு பங்கை மட்டும் இதற்கு ஒதுக்கட்டும். ஆப்ஷன் பக்கம் போகாமல், இன்ட்ராடே செய்யாமல், மாதத்துக்கு ஒன்றிரண்டு ஸ்விங் வணிகம் மட்டும். மாலையில், சந்தை மூடிய பிறகு முடிவெடுத்து, மறுநாள் காலை ஆர்டரைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம்.

சுந்தரர் கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. பொன்னை ஆற்றில் போடும் முன் அதிலிருந்து ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அந்தத் துண்டோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது, அது பிறகு சரியானது. வணிகம் செய்பவர் வைத்திருக்க வேண்டிய மச்சம் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு வணிகத்துக்கும் ஒரு வரி: தேதி, பங்கு, ஏன் வாங்கினேன், எங்கே தவறு என்று ஒப்புக்கொள்வேன், எல்லாச் செலவும் போகக் கைக்கு வந்தது எவ்வளவு. பக்கத்துப் பத்தியில், அதே தேதியில் அதே தொகையை நிஃப்டி குறியீட்டு நிதியில் போட்டிருந்தால் இன்றைக்கு எவ்வளவு இருக்கும் என்ற எண். ஓராண்டு முடிந்து இரண்டு பத்தியையும் கூட்டும்போது, பக்கத்தில் வீட்டில் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.